ஏலக்காட்டு இருட்டு

போடிநாயக்கனூர் மலை என்றதும் உங்கள் மனசில் ஓடும் படம் எது? அநேகமாக பச்சைத் தேயிலைச் சரிவு, மேலே கொஞ்சம் மேகம். காலண்டர்காரர்கள் உபயம். ஆனால் போடிக்குப் பேர் வாங்கித் தந்தது தேயிலை இல்லை, ஏலக்காய். அந்த ஏலக்காட்டின் நல்ல போட்டோ ஒன்று சொல்லுங்களேன். சட்டென்று ஞாபகம் வராது.

காரணம், வெளிச்சம். தேயிலை வெயிலில் நிற்கிறது. ஏலம் பெரிய மரங்களின் நிழலில்தான் வளரும். காயும் செடியின் உச்சியில் இல்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில். குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். ஆக, முகம் இலைக்கு அடியில், இலை மரத்துக்கு அடியில். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் அங்கே சாயங்கால வெளிச்சம்தான்.

ஃபிலிம் கேமராக்காரர்களுக்கு (அந்த இனம் இன்னும் அழியவில்லை; இளைஞர்கள் சிலர் மறுபடி ரோல் மாட்டுகிறார்கள்) இது உடனே புரியும். தேயிலைக்கு 100 ஐஎஸ்ஓ போதும். ஏலக்காட்டில் 400 ஃபிலிமை 1600 வரை தள்ள வேண்டியிருக்கும். விமான நிலைய எக்ஸ்ரேவுக்கு முதல் பலி இந்த வேகமான ஃபிலிம்தான். பழைய கேபின் ஸ்கேனர்களில் 800-க்குக் கீழே என்றால் ஓரிரு தடவை தப்பிக்கலாம். பல நாடுகளில் இப்போது வந்துவிட்ட சி.டி. ஸ்கேனரில் ஒரே தடவை போனாலே மூட்டம் விழக்கூடும் என்று கோடக் எச்சரிக்கிறது. செக்-இன் பெட்டியில் வைத்தீர்களோ, தொலைந்தது.

இதில் ஒரு கொடுமை பாருங்கள். மூட்டம் முதலில் கெடுப்பது படத்தின் நிழல் பகுதியை. ஏலக்காட்டுப் படத்தில் இருப்பதே நிழல்தானே! இங்கே வந்து படமெடுத்து, கொச்சியில் விமானம் ஏறி, இரண்டு மூன்று ஸ்கேனர் தாண்டி ஊர் போய்ச் சேர்கிறவரின் ரோலில் தேயிலை பத்திரமாக இருக்கும். காய் எடுத்த அம்மாதான் சாம்பல் பூத்துப்போயிருப்பார்.

‘போனில் எடுத்தால் போச்சு’ என்பீர்கள். எடுக்கலாம். ஆனால் போன் இருட்டைப் பொறுக்காது. தானே வெளிச்சம் போட்டு ஏலக்காட்டையும் தேயிலைத் தோட்டமாக்கிவிடும். அந்த வேலை எவ்வளவு மங்கலில் நடக்கிறது என்ற சேதியே காணாமல் போய்விடும்.

இந்த இடத்தில்தான் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) முக்கியமாகிறது. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு மலையை ரசிக்க நிற்பதில்லை; சுமை தூக்குகிறவனோடு நடக்கிறது, மூச்சு வாங்குகிறது. ரங்கசாமியின் ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு சிதறும்போது நமக்கு வயிற்றைப் பிசைவது, அந்தப் பாதையை நாமும் நடந்திருப்பதால்தான். யூனியன் அரசியல் வரும் பகுதி கொஞ்சம் அவசரம். கடைசிக் காட்சி அதையெல்லாம் மன்னிக்க வைக்கிறது. தன் நிலமாக இருந்த இடத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். காமிரா மேலே மேலே போகிறது. மலை அழகாகிக்கொண்டே வருகிறது, ஆள் புள்ளியாகிவிடுகிறான். காலண்டர் படம் எப்படித் தயாராகிறது என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து அதில் ஏறி, எல்லை தாண்டிக் கூலிக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். ரோலோடு போகிறவர்கள் வியூ பாயிண்ட்டில் நிற்காமல் அவர்கள் போகும் இடத்துக்குப் போங்கள், கேட்டுவிட்டு எடுங்கள். ஊர் திரும்புமுன் இங்கேயே டெவலப் செய்துவிடுங்கள். கழுவின ஃபிலிமை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. முடியாவிட்டால், டப்பாவைக் கண்ணாடிப் பையில் போட்டு, கையால் சோதிக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். க்யூவில் பின்னால் நிற்பவர் முறைப்பார். முறைக்கட்டும்.