‘தண்ணியில்லாக் காடு’: இராமநாதபுரம் குறித்த ஊடகப் படிமமும் வட்டாரப் புலமையின் மறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இராமநாதபுரம் மாவட்டத்தைத் ‘தண்ணியில்லாக் காடு’ என்று சுட்டும் வழக்கு தமிழ்த் திரைப்படத்திலும் இதழியலிலும் நிலைபெற்றுள்ளது. இத்தொடர் நிலவியல் உண்மையைக் கூறுகிறதா, அன்றி அதிகாரத்தின் பார்வையை வெளிப்படுத்துகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எஸ். எம். கமால் முதலிய வட்டார அறிஞர்களின் பங்களிப்பையும் அதன் வரையறைகளையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: இராமநாதபுரம், ஊடகப் படிமம், கண்மாய், சேதுபதிகள், வட்டார வரலாறு.

முன்னுரை

தமிழ்த் திரைப்படங்களில் மேலதிகாரி ஒருவர் கீழ்நிலை அலுவலரை அச்சுறுத்தும்போது ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்று கூறுவது பழகிப்போன உரையாடல் ஆகும். அச்சொல் பெரும்பாலும் இராமநாதபுரத்தையே குறிப்பதாகக் கேட்போர் புரிந்துகொள்கின்றனர். மாவட்டத்தைப் பற்றிய செய்திக் கட்டுரைகளும் வெடித்த நிலம், வரிசையில் நிற்கும் குடங்கள், சீமைக் கருவேலங்காடு ஆகிய காட்சிகளுடனேயே தொடங்குகின்றன. ‘வறட்சி மாவட்டம்’ என்னும் அடைமொழி ஆய்வேடுகளின் அறிமுக இயல்களிலும் சான்று தேடப்படாமலேயே இடம்பெறுகிறது. ஆகவே இது ஊடகத்தின் பிழையாக மட்டும் நின்றுவிடாமல் ஆய்வுலகின் பிழையாகவும் ஆகிறது.

சொல்லின் நோக்குநிலை

‘தண்ணியில்லாக் காடு’ என்பது அம்மண்ணில் வாழ்வோர் தம் ஊரை அழைக்கும் பெயர் அன்று. அங்கு அனுப்பப்படுவோரின் சொல். அதில் நிலம் தண்டனைக்குரிய இடமாகிறது. அங்கு வாழும் மக்கள் அத்தண்டனையின் பின்னணியாகின்றனர். நீர்ப் பற்றாக்குறையைப் பேசும் படைப்புகள் அனைத்தும் இவ்வாறு அமையவில்லை. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவி கே. பாலசந்தர் இயக்கிய ‘தண்ணீர் தண்ணீர்’ (1981) கரிசல் சிற்றூர் ஒன்றின் நீரின்மையை அரசியல் கேள்வியாக முன்வைத்தது. தண்ணீர் ஏன் வரவில்லை என்று அது கேட்டது. பணிமாற்ற உரையாடலில் அக்கேள்விக்கு இடமில்லை. நீரின்மை அங்கு மண்ணின் இயல்பாகவே கொள்ளப்படுகிறது.

மழையும் தேக்கமும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழையளவு சற்றேறத்தாழ 800 மில்லிமீட்டர் ஆகும். இது கரூர், தூத்துக்குடி மாவட்டங்களின் சராசரியைவிடக் கூடுதல். மழையளவு மட்டுமே அளவுகோலாயின் இம்மாவட்டத்திற்குத் தனித்த இழிபெயர் பொருந்தாது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் பெய்து தீர்கிறது. கடலோர நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. வைகையின் கடைமடையில் இருப்பதால் ஆற்றுநீர் உறுதியாக வந்து சேர்வதில்லை. எனவே இது நீரைத் தேக்கிப் பயன்கொள்ள வேண்டிய நிலமே அன்றி நீரற்ற நிலம் அன்று.

இவ்வறிவை வட்டார வழக்கு நன்கு காத்து வைத்துள்ளது. கண்மாய், ஏந்தல், ஊருணி, மடை, கலுங்கு என நீர்நிலைக்கும் அதன் உறுப்புகளுக்கும் தனித்தனிச் சொற்கள் வழங்குகின்றன. ‘ஏந்தல்’ என முடியும் ஊர்ப்பெயர்கள் இப்பகுதியில் மிகுதி. இராஜசிங்கமங்கலம் கண்மாயின் பரப்பை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்னும் வழக்கு உணர்த்துகிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் இன்று பறவைகள் சரணாலயங்களாகி, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ‘தண்ணியில்லாக் காடு’ எனப்படும் மாவட்டத்தில் நீர்ப்பறவைகளுக்கான சரணாலயங்கள் அமைந்திருப்பதை அப்படிமத்தால் விளக்க இயலாது.

வட்டாரப் புலமையின் பங்களிப்பு

இராமநாதபுரத்தின் வரலாற்றை உள்ளிருந்து எழுதியவர்களுள் எஸ். எம். கமால் முதன்மையானவர். ‘சேதுபதி மன்னர் செப்பேடுகள்’, ‘விடுதலைப் போரில் சேதுபதி மன்னர்’ முதலிய அவருடைய நூல்கள் ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டவை. தானச் செப்பேடுகளில் வழக்கமாகக் குறிக்கப்படும் எண்வகை உரிமைகளுள் நீரும் ஒன்று. நீருரிமை எழுதி வழங்கப்பட்ட நிலத்தை வெறும் பொட்டலாகக் கருத முடியாது.

முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரைக் கிழக்கே திருப்பும் வாய்ப்பை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்தார் என்பது பெரியாறு அணையின் முன்வரலாற்றில் பதிவாகியுள்ளது. 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி அம்மன்னரைப் பதவி நீக்கியது; 1803இல் இராமநாதபுரம் ஜமீன்தாரி ஆக்கப்பட்டது. பெரியாறு அணை 1895இல் நிறைவுற்றபோது அதன் முதன்மைப் பாசனப் பரப்பு மதுரைப் பகுதியில் அமைந்தது. திட்டத்தை முதலில் எண்ணிய நாடே அதன் பயனில் பின்தங்கியது. வறட்சிக்கும் வரலாறு உண்டு என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

அகழாய்வுகளும் இதற்குத் துணைநிற்கின்றன. வைகை முகத்துவாரத்தருகே உள்ள அழகன்குளத்தில் உரோமானியத் தொடர்புக்கும், பெரியபட்டினத்தில் சீனத் தொடர்புக்கும் சான்றுகள் கிடைத்துள்ளன. வெளியுலகம் அஞ்சி ஒதுக்கிய மூலையாக இந்நிலப்பகுதி இருந்ததில்லை.

வன்முறைப் படிமம்

நீரின்மையோடு இணைத்து ஊடகங்கள் காட்டும் மற்றொன்று அரிவாள். இதற்கும் ஆவண வேர் உண்டு. பிறப்பையே குற்றமாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பதிவேடுகள் இப்பகுதிச் சமூகங்களையும் உட்படுத்தின. பெருநாழியைச் சேர்ந்த வேல ராமமூர்த்தி ‘குற்றப் பரம்பரை’ நாவலில் அவ்வரலாற்றை ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று எழுதினார். எனினும் சட்டம் ஒழிந்த பின்னரும் அதன் பார்வை திரையில் தொடர்கிறது. அதே வேளையில், 1957 முதுகுளத்தூர்க் கலவரம் போன்ற சாதிய வன்முறைகள் உண்மையில் நிகழ்ந்தவை. படிமத்தை மறுப்பது என்பது அவற்றை மறைப்பதாக அமையலாகாது. ஒரு நிலத்தின் குருதியில் வன்முறை ஊறியுள்ளது என்பது வேறு. நிலவுடைமையும் சாதியும் அரசியலும் வன்முறையை விளைவித்தன என்பது வேறு.

வட்டாரப் புலமையின் வரையறை

உள்ளூர் அறிஞர் எழுதியது என்பதனாலேயே ஒன்று முழுமை பெற்றுவிடாது. அரசரை மையமிட்ட வரலாற்றில் கண்மாயை வெட்டியவரும் மடையைத் திறந்து அடைத்த நீர்பாய்ச்சியும் மங்கிவிடுகின்றனர். நீர்பாய்ச்சிகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூலில், இச்சமவெளியின் கண்மாய்ப் பாசனம் அரசதிகாரத்தோடும் சாதிப் படிநிலையோடும் பின்னியிருந்ததை விளக்குகிறார். பழைய கண்மாய் ஒழுங்கைப் பொற்காலமாகப் புகழ்வோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ‘தண்ணியில்லாக் காடு’ என்ற இழிவுக்கு ‘சேதுபதிகளின் பொன்னாடு’ என்ற பெருமிதம் விடையாகாது. இரண்டிலும் நீர் சுமக்கும் பெண்ணும், கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவரும், முண்டு மிளகாய் பயிரிடும் உழவரும் இடம்பெறுவதில்லை.

முடிவுரை

இராமநாதபுரத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு, அது மறுக்கத்தக்கதன்று. ஆனால் தட்டுப்பாட்டை மண்ணின் விதியாகக் கூறும்போது தூர்ந்த கண்மாய்க்கும் அடைபட்ட வரத்துக்காலுக்கும் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. படிமத்தின் உண்மையான தீங்கு இதுவே. வட்டார அறிஞர்களின் செப்பேட்டுப் பதிவுகளும் மக்களின் நீர்ச்சொற்களும் அப்பொறுப்பை மீண்டும் கேள்விக்குக் கொண்டுவருகின்றன. இம்மாவட்டம் குறித்து ஆய்வு மேற்கொள்வோர் ‘வறண்ட பூமி’ என்ற தொடரை முன்முடிவாகக் கொள்ளாது, ஒவ்வொரு கண்மாயும் எப்போது, எவரால், எதனால் வறண்டது என்னும் வினாவிலிருந்து தொடங்குவது இன்றியமையாதது.