உயர்ந்த புகைபோக்கியும் குட்டைச் சட்டமும்

கேரளத்தில் எலப்புள்ளிக்கு அருகே கஞ்சிக்கோட்டு உருக்காலைகள்; பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கோவையின் வார்ப்படப் பட்டறைகள். அங்கே அமிலமழை பெய்கிறது என்று சொல்ல வரவில்லை. பெய்தால் 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் கைகொடுக்குமா என்பதே கேள்வி.

வரையறையில் கஞ்சத்தனம் இல்லை. செடிகொடிக்கும் சொத்துக்கும் கேடு செய்வதையும் சட்டம் மாசு என்கிறது. கோளாறு அளவுகோலில். 2009இன் தேசியத் தரப்படி கந்தக டை-ஆக்சைடின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. இது காற்றில் மிதப்பதன் கணக்கு. அந்த வாயுவோ போகும் வழியில் சல்ஃபேட்டாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மழையோடு இறங்கும். நிலத்தில் எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு வரம்பே கிடையாது.

உள்ளூர்க் காற்றை மட்டும் காத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா முன்பே பார்த்துவிட்டது. 1970இன் சட்டத்துக்குப் பிறகு ஆலைகள் புகைபோக்கியை உயர்த்தித் தப்பித்தன. 1977இல் அந்த உயரக் கணக்குக்குத் தடை வந்தது. 1990இல் மின்நிலையங்களின் மொத்தக் கந்தக உமிழ்வுக்கே உச்சவரம்பு வந்தது. அதன்பின்தான் மழையின் அமிலம் கணிசமாகத் தணிந்தது. நாமோ 2015இல் அனல்மின் நிலையங்களுக்கு வரம்பு விதித்து, தவணைமேல் தவணை தந்து, 2025 ஜூலையில் ஏறக்குறைய 78 விழுக்காட்டு நிலையங்களுக்கு விலக்களித்தோம். நிபந்தனை? புகைபோக்கி விதித்த உயரத்தில் இருக்க வேண்டுமாம்!

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்ற அரசுத் தரப்பு வாதம் பொய்யல்ல. வடக்கே காரப் புழுதி மழையின் அமிலத்தை முறிப்பதும் உண்மையே. ஆனால் அந்தப் புழுதி ஈரக் கேரளத்தில் அவ்வளவு இல்லை. இயல்பிலேயே அமிலம் மிகுந்த செம்புறை மண்ணுக்குத் தாங்கும் திறனும் குறைவு.

அடுத்தது எல்லை. வடகிழக்குப் பருவத்தில் காற்று கணவாய் வழியே கிழக்கிலிருந்து வரும். கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரமோ மாநில எல்லையான வாளையாற்றோடு நின்றுவிடும். எல்லை தாண்டிய ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. தாஜ்மகால் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் 292 ஆலைகளை எரிவாயுவுக்கு மாறு, அல்லது வெளியேறு என்றது. 10,400 சதுர கிலோமீட்டர் வட்டாரம் மாநில எல்லையைப் பாராமல், காக்க வேண்டிய கட்டடத்தைச் சுற்றி வரையப்பட்டிருந்ததும் அங்கே உதவியது. தில்லிக்கும் சுற்றுப்புறத்துக்கும் 2021இல் தனி ஆணையச் சட்டமே வந்தது.

பக்கத்து ஆலைப் புகைக்கு 1981இன் சட்டம் போதும். கஞ்சிக்கோட்டில் அதைச் செயல்படுத்தினாலே பாதிக் குறை தீரும். அமிலமழைக்கு அது போதாது. மண்ணில் விழும் அமிலத்துக்கு வரம்பும், கோவை முதல் பாலக்காடு வரை ஒரே காற்று வட்டாரம் என்ற ஏற்பாடும் இல்லாதவரை, சட்டத்தில் மேலும் ஒரு திருத்தம் இந்தக் குறையை ஈடுகட்டாது.