விடுபட்ட பக்கங்கள்

லாஸ் வேகாஸ் நகருக்குச் சென்றுவந்தோர் எழுதும் பயணக் கட்டுரைகளுக்கு ஏறத்தாழ ஒரே அமைப்புதான் உண்டு. முற்பாதியில் சூதாட்ட விடுதிகளும் வண்ண விளக்குகளும் உறங்காத இரவும் வரும். பிற்பாதியில் பாலைவனமும் கிராண்ட் கேன்யன் எனப்படும் பெரும்பள்ளத்தாக்கும் வாயடைத்துப்போன ஒரு காலைப்பொழுதும் வரும். முன்னது மனிதன் கட்டியது, எனவே மாயை. பின்னது இறைவன் படைத்தது, எனவே மெய். இந்த எளிய தராசில் இரண்டையும் நிறுத்துப் பார்த்துவிட்டு ஆசிரியர் ஊர் திரும்பிவிடுவார். மறையுரைக்கு வாய்ப்பான தராசு இது. நானும் பலமுறை கையாண்டிருக்கிறேன். கலிபோர்னியாவில் பணிபுரியும் என் தமக்கை மகன் 2023 அக்டோபரில் அவ்விரு இடங்களுக்கும் என்னை அழைத்துச் சென்றான். அதன்பின் அந்தத் தராசை நான் தொடவில்லை.

புறப்படுமுன் இரண்டு நூல்களைப் படித்திருந்தேன். ஒன்று நகரைப் பற்றியது; மற்றொன்று பள்ளத்தாக்கைப் பற்றியது. இரண்டுமே தத்தம் துறையில் புகழ்பெற்றவை. அவற்றைப் படித்த கண்ணோடு அவ்விடங்களைப் பார்த்தபோது என்னுள் ஒரு கேள்வி எழுந்தது. ஒரு படைப்பு எதைச் சொல்கிறது என்பதைக் கொண்டே அதனை மதிப்பிடுகிறோம். அது எதைச் சொல்லாமல் விடுகிறது, விட்டதை எவ்வாறு விடுகிறது என்பதைக் கொண்டும் மதிப்பிட வேண்டாமா?

நகரைப் படித்தவர்கள்

1968இல் ராபர்ட் வென்ச்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனூர் ஆகியோர் யேல் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்களுடன் லாஸ் வேகாஸை ஆராயச் சென்றனர். அதன் விளைவாக 1972இல் வெளிவந்த நூலுக்கு ‘லாஸ் வேகாஸிடமிருந்து கற்றல்’ என்று பெயர். கற்றறிந்த கலைஞர்கள் முகம் சுளித்து ஒதுக்கிய ஊரை இவர்கள் மாணவரின் பணிவோடு உற்றுநோக்கினார்கள். காரில் விரைபவனின் கண்ணுக்காக எழுந்த நகரம் இது. ஆகையால்தான் கட்டடம் பின்னே தாழ்ந்து கிடக்க, அறிவிப்புப் பலகை சாலையோரத்தில் வானளாவ நிற்கிறது என்று விளக்கினார்கள். வாத்தின் உருவிலேயே கட்டப்பட்ட ஒரு கடையை மனத்திற்கொண்டு, தானே சின்னமாகிவிடும் கட்டடத்துக்கு ‘வாத்து’ என்று பெயரிட்டார்கள். எளிய கட்டடத்தின் முகத்தில் அணி பூட்டினால் அது ‘அலங்கரித்த கொட்டகை’. பிரான்சு நாட்டின் ஆமியென் பேராலயத்தின் முகப்பையும் இதே கண்ணோடு பார்த்து, அதுவும் ஒருவகை அறிவிப்புப் பலகையே என்றார்கள். நமக்குச் சற்று உறுத்தினாலும், எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு மறையைக் கற்பித்த அக்கல்முகப்புகளை எண்ணிப் பார்த்தால் அதில் உண்மை இல்லாமலில்லை.

சூதாட்டத்தின் அறநெறியை ஆராய்வது தங்கள் நோக்கமன்று என்று அவர்கள் வெளிப்படையாகவே அறிவித்துவிடுகிறார்கள். வடிவம் மட்டுமே அவர்களது ஆய்வுப்பொருள். ஆய்வு முறை என்ற அளவில் இதைக் குறைசொல்ல முடியாது. என் மனத்தாங்கல் வேறு. சூதாட்டக் கூடத்தின் கூரை தாழ்ந்திருப்பதையும், பகலொளி புகாமலிருப்பதையும், உள்ளே இருப்பவன் தான் இருக்குமிடமும் நேரமும் மறந்துபோவதையும் அவர்களே நுட்பமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மனிதன் நேரத்தை மறக்கும்படியாக ஓர் அறை கட்டப்பட்டிருக்கிறது என்றால் அங்கே வடிவம் எங்கே முடிகிறது, நோக்கம் எங்கே தொடங்குகிறது? கதவுவரை வந்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பிய நூல் அது.

அவர்கள் வருணித்த நகரின் பெரும்பகுதி இன்றில்லை. பெயர்பெற்ற ‘டியூன்ஸ்’ விடுதி 1993இலும் ‘ஸ்டார்டஸ்ட்’ 2007இலும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வெனிஸ் நகரின் கால்வாயும் பாரிஸின் கோபுரமும் நகல்களாக அங்கே எழுந்தன. நான் சென்றதற்குச் சற்று முன்னர், 2023 செப்டம்பரில் திறக்கப்பட்ட ‘ஸ்பியர்’ என்னும் அரங்கின் புறமுழுவதும் ஒளித்திரை. பலகை வேறு, கட்டடம் வேறு என்ற பிரிவே அதில் மறைந்துவிட்டது. நான் பார்த்த ‘மிராஜ்’ விடுதியும் 2024 ஜூலையில் மூடப்பட்டது. கொட்டகைகள் போய் வாத்துகள் வந்தன, வாத்துகளும் போய்க்கொண்டிருக்கின்றன. இருந்தும், நான் நுழைந்த எந்தக் கூடத்திலும் சுவரில் ஒரு கடிகாரத்தைக் காணவில்லை.

அந்நகரை ஒட்டுமொத்தமாகப் பழிப்பதும் நேர்மையாகாது. ‘ஸ்ட்ரிப்’ எனப்படும் சூதாட்டப் பெருவீதிக்கு அருகிலேயே காவல்தூதர் பேராலயம் இருக்கிறது. கறுப்பினக் கட்டடக் கலைஞர் பால் வில்லியம்ஸ் வடிவமைக்க, 1963இல் எழுந்தது. பணத்துக்குப் பதிலாகச் சூதாட்டத்தில் பயன்படும் வில்லைகளும் அங்கே காணிக்கைத் தட்டில் விழுவதுண்டு. அதன் வண்ணக் கண்ணாடியில் சூதாட்ட விடுதிகளின் உருவங்களும் இடம்பெற்றிருக்கின்றன. முதலில் எனக்கு அது வியப்பளித்தது. பிறகு தோன்றியது: தான் எங்கே நிற்கிறோம் என்பதை அந்த ஆலயம் மறைக்கவில்லை. விடுதிகளில் படுக்கை விரிப்போரும் பாத்திரம் கழுவுவோரும் தங்கள் உழைப்பின் இடத்தையே அக்கண்ணாடியில் கண்டு மன்றாடுகிறார்கள்.

சனிக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்து தனியே நடந்து திரும்பினேன். எங்கள் விடுதியில் அறைக்குப் போக வேண்டுமானால் சூதாட்டக் கூடத்தைக் கடந்தே ஆகவேண்டும். எழுதப்போகும் கட்டுரைக்கு உதவும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு ஓர் இயந்திரத்தின் முன் அமர்ந்து இருபது டாலர் தாளைச் செலுத்தினேன். எழுந்தபோது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது; நூற்றுநாற்பது டாலர் போயிருந்தது. திருப்பலிக்காக அடக்கி வைத்த கைப்பேசியில் தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன.

“எங்கே மாமா போயிட்டீங்க? எவ்வளவு நேரமாத் தேடுறேன்!” என்றான் மருமகன்.

“கோவில்லயே உட்கார்ந்து செபம் பண்ணிட்டு வந்தேன்” என்றேன்.

பாறையில் ஒரு வெண்கோடு

மறுநாள் காலை பள்ளத்தாக்கை நோக்கிப் புறப்பட்டோம். வழியில் ஹூவர் அணை. நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய 1931ஆம் ஆண்டில்தான் இவ்வணையின் கட்டுமானமும் தொடங்கியது. அதன் பின்னே தேங்கும் மீட் ஏரியிலிருந்துதான் லாஸ் வேகாஸ் வட்டாரத்தின் தண்ணீரில் ஏறத்தாழ 90 விழுக்காடு கிடைக்கிறது. பள்ளத்தாக்கை அரித்துச் செதுக்கிய அதே கொலராடோ ஆறு நகரின் குழாய்களிலும் ஓடுகிறது. மாயை ஒருபுறம், மெய் ஒருபுறம் என்று பிரித்த நம் தராசு இங்கேயே ஒடிந்துவிடுகிறது.

ஏரியைச் சூழ்ந்த பாறைகளில் அகன்ற வெண்பட்டை ஒன்று தெரிந்தது. முன்பு நீர் நின்ற உயரத்தை அது காட்டுகிறது. 1930களில் ஏரி நிரம்பத் தொடங்கிய பிறகு, 2022 ஜூலையில்தான் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்தது. இழந்த நீரின் அளவைப் பாறை அப்படியே எழுதி வைத்திருக்கிறது.

இப்பஞ்சத்தை முன்னறிந்து சொன்ன ஒருவர் உண்டு. 1893இல் லாஸ் ஏஞ்சலஸில் கூடிய பாசன மாநாட்டில், மேற்குப் பகுதியின் நிலங்களுக்கெல்லாம் பாய்ச்சப் போதிய நீர் இல்லை என்று அவர் எச்சரித்தார். அவையினர் கூச்சலிட்டு அவரை எதிர்த்தனர். அவர்தான் ஜான் வெஸ்லி பவல், நான் படித்திருந்த இரண்டாவது நூலின் ஆசிரியர்.

ஆற்றைப் படித்தவர்

பவல் உள்நாட்டுப் போரில் ஷைலோ களத்தில் 1862இல் வலக்கையை இழந்தவர். 1869 மே மாதம் நான்கு படகுகளில், தம்மையும் சேர்த்துப் பத்துப் பேராக, எவரும் அளந்திராத ஆற்றில் இறங்கினார். உணவு கெட்டது, ஒரு படகு உடைந்தது. ஆகஸ்டு 28ஆம் நாள் ஹவ்லண்ட் உடன்பிறப்புகள் இருவரும் வில்லியம் டன்னும் இனி இவ்வாற்றில் வரமாட்டோம் என்று விலகி, பள்ளத்தாக்கின் சுவரேறிப் போனார்கள். மறுநாளே மற்றவர்கள் பள்ளத்தாக்கைக் கடந்துவிட்டார்கள். விலகிய மூவரும் வீடு திரும்பவே இல்லை.

இப்பயணத்தைப் பற்றிப் பவல் 1875இல் வெளியிட்ட நூல் ஆற்றின் ஓசையையும் பாறையின் நிறத்தையும் கண்முன் நிறுத்துவது. ஒற்றைக் கையோடு பாறையில் தொற்றி நிற்கும் மனிதனின் அச்சத்தை இன்றும் அதில் உணரலாம். ஆனால் அந்நூலில் ஒரு மறைப்பு உண்டு. பவல் 1871-72இல் இரண்டாம் முறையும் பயணம் செய்தார். அதில் நிகழ்ந்தவற்றுள் சிலவற்றை 1869ஆம் ஆண்டுக் கதைக்குள் சேர்த்து, இரண்டையும் ஒரே பயணம்போல எழுதிவிட்டார். இரண்டாம் பயணத்தில் உயிரைப் பணயம் வைத்து உழைத்த தோழர்களின் பெயர்கள் அந்நூலில் இல்லை. அவர்களுள் ஒருவரான பிரடெரிக் டெலன்பா 1908இல் தாமே ஒரு நூல் எழுதித்தான் அக்குறையைத் தீர்க்க வேண்டியிருந்தது.

தென்விளிம்பில் பவலுக்கு ஒரு கல் நினைவகம் உண்டு, 1918இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதில் தோழர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். சுவரேறிப் போன அம்மூவரின் பெயர்களை அதில் காணோம். நூலில் தொடங்கிய பழக்கம் கல்லிலும் தொடர்ந்தது போலும்.

அறத்தை விலக்குகிறோம் என்று அறிவித்துவிட்டு விலக்கிய கட்டடக் கலைஞர்களைவிட, மனிதரைச் சொல்லாமல் விலக்கிய பவலே இவ்வகையில் அதிகம் பிழைசெய்தவர் என்று எனக்குப் படுகிறது. முன்னவர்களுடைய நூலைப் படிப்பவன் அதில் இல்லாததை வேறிடத்தில் தேடிக்கொள்ளலாம். பவலின் நூலைப் படிப்பவனுக்கோ, தேட வேண்டும் என்பதே தெரியாது.

சுவரைப் படித்தல்

பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் ஒரு மைலுக்கும் கூடுதல். இந்த எண்கள் அங்கே நிற்கும்போது உதவுவதில்லை. உதவியது, தென்விளிம்பில் 2010இல் அமைக்கப்பட்ட ‘காலத்தின் பாதை’. அதில் ஒரு மீட்டர் நடந்தால் பத்து இலட்சம் ஆண்டுகளைக் கடந்ததாகக் கணக்கு. மருமகனும் நானும் அதில் நடந்தோம். மனித இனத்தின் வரலாறு முழுவதும் என் முதல் காலடிக்குள் அடங்கிவிட்டது.

விளிம்பிலுள்ள சுண்ணாம்புப் பாறைக்கு வயது ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகள். அடியில் ஆற்றையொட்டிக் கருத்துத் தெரியும் பாறைக்கு, வியப்பாக, ‘விஷ்ணு’ என்று பெயர். அதன் வயது 170 கோடி ஆண்டுகளுக்கு மேல். அக்கருப்புப் பாறையின் தலைமீது பல இடங்களில் ஏறத்தாழ 50 கோடி ஆண்டு வயதுள்ள மணற்பாறை நேரே அமர்ந்திருக்கிறது. இரண்டும் சந்திக்குமிடத்தில் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தின் பக்கங்கள் இல்லை. அவை அரிப்பில் போய்விட்டன. இந்த இடைவெளியை உலகுக்கு முதலில் எடுத்துச்சொன்னவரும் பவல்தான்.

விளிம்பில் நின்று அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தேன். மலை தன் இழப்பை மூடிமறைக்கவில்லை. மேலும் கீழும் இருப்பதை இழுத்துப் பொருத்தி, எல்லாம் தொடர்ந்து நடந்ததுபோல் அது கதை கட்டவில்லை. இங்கே ஒன்று விடுபட்டிருக்கிறது என்று கோடு கிழித்துக் காட்டிவிட்டு நிற்கிறது. பவல் இந்தச் சுவரைக் கூர்ந்து படித்தார். அதன் நேர்மையைத் தம் நூலுக்குள் முழுமையாகக் கொண்டுவரவில்லை.

அவரைக் குறைசொல்லிக்கொண்டே நின்ற எனக்கு, முந்திய இரவு நானும் மூன்று மணி நேரத்தை அறுத்தெடுத்துவிட்டு, வெட்டுத் தெரியாமல் செபத்தால் ஒட்டிவைத்தது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்றவனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பணம் போனாப் போகுது மாமா” என்றான். “கோவில்னு சொன்னீங்களே...”

அதற்கு மேல் அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை.

கடிகாரமில்லாத கூடம் என் காலத்தை எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் எடுத்ததை மறைக்கும்படி அது என்னைக் கேட்கவில்லை. அது என் சொந்த வேலை. நகரின் மாயையைச் சாடும் பயணக் கட்டுரைகள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகின்றன. எழுதுகிறவன் நகரில் நடந்ததைச் சுருக்கி, பள்ளத்தாக்கில் உணர்ந்ததை விரித்து, தூய்மையானவனாக வீடு சேர்கிறான். இனி அத்தகைய கட்டுரைகளைப் படிக்கும்போது வாசகர் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்: இந்த எழுத்தில் கோடு கிழித்துக் காட்டப்பட்ட இடைவெளி எங்காவது இருக்கிறதா?

போயிற்று என்று சொன்னேனே, அந்த நூற்றுநாற்பது டாலர், பயணச் செலவுக்கென்று என் பங்குமக்கள் உறையிலிட்டுத் தந்த பணம். தந்தவர்களுள் சிலர் இவ்விதழை மாதந்தோறும் வாசிப்பவர்கள்.

ஆகவே அந்தப் பக்கத்தையும் இங்கே சேர்த்துவிட்டேன்.