பெயரில்லாத அதிகாரம்

குவேக்கர் சபையை முன்மாதிரியாகக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அபிஷேகம் பெற்ற போதகர் இல்லை, சடங்கு இல்லை. எல்லாரும் மௌனமாக அமர்ந்திருக்க, உள்ளொளி ஏவியவர் எழுந்து பேசுவார். தலைவரில்லாத சமத்துவத்தை அங்கே கற்கலாம் என்கிறார்கள். அதன் பெருமைகளை நானும் மறுக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெண்களைப் பிரசங்கிக்க விட்டார்கள். தசமபாகம் கட்ட மறுத்துச் சிறைக்கும் போனார்கள். ஆனால் தலைவர் இல்லை என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஜேம்ஸ் நெய்லருக்கு நடந்ததைப் படித்தவர் எவரும் ஏற்கமாட்டார்.

யார்க்‌ஷயர் விவசாயி, பாராளுமன்றப் படையில் பணியாற்றியவர் நெய்லர். 1655இல் லண்டனில் அவர் ஊழியம் செய்தபோது, குவேக்கர்களுக்கு அவரே தலைவர் என்று வெளியார் பலர் நினைத்தார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மறு ஆண்டு அவர் எக்சிட்டர் சிறையில் இருந்தபோது, இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் பார்க்க வந்தார். ஃபாக்ஸ் ஜெபித்தபோது நெய்லரும் அவரோடு இருந்தவர்களும் தொப்பியைக் கழற்றவில்லை. மறுபடி சந்தித்தபோது முத்தமிட வந்த நெய்லருக்கு ஃபாக்ஸ் தன் காலை நீட்டினார். ஜெபத்தில் தேவனுக்கன்றி எந்த மனிதனுக்கும் தொப்பி கழற்றாத இயக்கத்தில், ஒரு மனிதன் இன்னொருவனிடம் காலை நீட்டுகிறான்! இதற்குத் தலைமை என்பதைத் தவிர வேறு என்ன பெயர்?

பட்டம் கட்டிய ஆயர் என்றால் அவர்மீது மேல்முறையீடு செய்யலாம், விதியைக் காட்டி வாதாடலாம். ஃபாக்ஸுக்குப் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. அவர் சினம் தேவனுடைய சினமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. நெய்லர் யாரிடம் போய் முறையிடுவார்?

அந்த அக்டோபரில் மழையில், சேற்றில், அன்பர்கள் ‘பரிசுத்தர்’ என்று பாடிவர, எருசலேமுக்குள் நுழைந்த இயேசுவைப் போல நெய்லர் குதிரைமேல் பிரிஸ்டலுக்குள் நுழைந்தார். அது பெரும் பிழைதான். தனக்குள் இருக்கும் கிறிஸ்துவுக்கு அடையாளம் என்றார்; பாராளுமன்றம் தேவதூஷணம் என்றது. 96க்கு 82 என்ற வாக்கில் உயிர் தப்பியது. லண்டனில் மட்டும் 310 கசையடி. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நாக்கைத் துளைத்து, நெற்றியில் சூடு போட்டார்கள். ராபர்ட் ரிச் என்ற வணிகர் அருகில் நின்று அந்த நெற்றிப் புண்ணை நாவால் நக்கினார். உள்ளொளி ஒருவரை வழிதவறவும் விடலாமோ என்ற கேள்வியைச் சபை அப்போதே திறந்து பேசியிருக்க வேண்டும். அதைவிட்டு, நெய்லரிடமிருந்து விலகி நிற்பதிலேயே முனைந்தது.

1659இல் விடுதலையான நெய்லர், நோயுற்றிருந்த ஃபாக்ஸைத் தேடி ரெடிங் நகருக்குப் போனார். ஃபாக்ஸ் பார்க்க மறுத்துவிட்டார். பிறகு சக குவேக்கர் வில்லியம் டியூஸ்பரி நடுவே நின்று சமாதானம் செய்துவைத்தபோதும் மண்டியிட்டது நெய்லர்தான். 1660இல் ஊர் திரும்பும் வழியில் கொள்ளையரிடம் சிக்கி, ஹண்டிங்டன் அருகே இறந்தார். அவர் எழுத்துகளைச் சபையார் தொகுத்து வெளியிட 1716 ஆயிற்று. அதிலும் எல்லாவற்றையும் சேர்க்கவில்லை.