விலை எழுதாத தபால்தலை

பதிவுத் தபால் என்ற தனிச்சேவை 2025இல் விரைவுத் தபாலுக்குள் கரைக்கப்பட்டது. அதிலிருந்து கடிதப் பிரியர்கள் மத்தியில் ஒரு யோசனை அடிபடுகிறது. அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் இருப்பதுபோல, விலை அச்சிடாத, என்றைக்கும் செல்லுபடியாகிற தபால்தலையை நம் அஞ்சல் துறையும் கொண்டுவர வேண்டுமாம். அது வந்தால் கடிதம் எழுதும் பழக்கம் பிழைத்துக்கொள்ளுமாம். தபால்தலை சேகரிப்பவர்கள் சொல்கிறார்கள், சிற்றிதழ் நண்பர்கள் சொல்கிறார்கள், பாரீஸிலிருந்து விடுமுறைக்குப் புதுவை முதலியார்பேட்டைக்கு வந்து போகும் உறவுக்காரர்களும் சொல்கிறார்கள். நோக்கத்தில் குறை காண முடியாது. யோசனை தவறு என்பது என் கட்சி.

முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுத்துவிடலாம். அமெரிக்க அஞ்சல் துறை 2007 ஏப்ரலில் தன் முதல் நிரந்தரத் தலையை 41 சென்ட்டுக்கு விற்றது. அன்று வாங்கிப் பெட்டியில் போட்டு வைத்தவர் இன்றும் ஒரு அவுன்ஸ் கடிதத்தை அதே தலையை ஒட்டி அனுப்பலாம். 2025 ஜூலையில் புதிதாக வாங்கியவர் 78 சென்ட் கொடுத்தார். கட்டணம் ஏறும்போதெல்லாம் ஒரு சென்ட், இரண்டு சென்ட் தலை தேடி அலையும் தொல்லை தீர்ந்தது. நம் ஊரிலும் இதற்கு உருப்படியான பயன் ஒன்று உண்டு. 'சுயவிலாசமிட்ட, போதிய தபால்தலை ஒட்டிய உறையை இணைத்து அனுப்பவும்' என்று விண்ணப்ப அறிவிப்புகளும் பத்திரிகைகளும் கேட்டு வந்திருக்கின்றன. பதில் எப்போது வரும் என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. இடையில் கட்டணம் ஏறிவிட்டால் உறை போதாத தலையோடு புறப்படும். தபால்காரர் வாசலில் நின்று குறைந்த தொகையைப் போல் இரண்டு மடங்கு கேட்பார். எண் இல்லாத தலை ஒட்டியிருந்தால் அந்தச் சங்கடம் இல்லை.

வாங்கி அடுக்கினால் லாபம் என்று சொல்கிறவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. 41 சென்ட் 78 ஆனது பதினெட்டு வருடத்தில். கூட்டு வட்டியாகப் பார்த்தால் ஆண்டுக்கு மூன்றரை சதவீதச் சொச்சம். நம் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கே 4 சதவீதம் தருகிறது. இந்தியாவிலோ 20 கிராம் கடிதத்துக்கு ஐந்து ரூபாய் என்பது இருபது ஆண்டுகளுக்கு மேலாக அசையவில்லை. எப்போதோ வாங்கி மறந்துபோன ஐந்து ரூபாய்த் தலையைப் பழைய டைரியிலிருந்து எடுத்து இன்று ஒட்டினாலும் கடிதம் போகும். நிரந்தரத் தலை தரும் சுகத்தை நாம் அதன் பெயர் தெரியாமலே இத்தனை நாளும் அனுபவித்து வருகிறோம். இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு?

என் ஆட்சேபம் லாப நஷ்டத்தில் இல்லை. ஐந்து ரூபாய் என்று அச்சிட்ட தலை, அரசு என்னிடம் வாங்கிக்கொண்ட ஐந்து ரூபாய்க்குச் சாட்சி. அதை எந்தச் சேவைக்கும் அந்த மதிப்புக்கு ஒட்டலாம். கட்டணம் ஏறினாலும் ஐந்து ஐந்தாகவே இருக்கும்; மீதியை நான் கட்டுவேன். விலை எழுதாத தலை அப்படியல்ல. அது ஒரு சேவைக்கான சீட்டு. அந்தச் சேவை என்ன, எத்தனை நாளில் முடியும், நாளைக்கும் அது இருக்குமா என்பதையெல்லாம் சீட்டு விற்றவர்தான் தீர்மானிப்பார். அளவுச் சாப்பாடா முழுச் சாப்பாடா என்று எழுதாமல் ஓட்டலில் கொடுக்கும் டோக்கனைப் போன்றது இது. டோக்கனுக்குக் காலாவதி இல்லை என்று பெருமையாகச் சொல்லலாம். இலையில் என்ன விழும் என்பது பரிமாறுகிறவர் கையில்.

இது வெறும் சந்தேகம் அல்ல, நடந்த கதை. பிரான்ஸில் 1993 முதல் எண் இல்லாத சிவப்பு மரியான் தலை விற்றார்கள். அதை ஒட்டினால் கடிதம் மறுநாள் சேரும். அதற்காகத்தான் பச்சைத் தலையைவிடக் கூடுதல் விலை. 2023 ஜனவரி 1 அன்று அந்தச் சேவையே எடுக்கப்பட்டுவிட்டது. அவசரம் என்றால் இணையத்தில் கடிதத்தை ஏற்ற வேண்டும், அவர்கள் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பச்சைக் கடிதத்துக்கு மூன்று நாள். சிவப்புத் தலை செல்லாது என்று யாரும் அறிவிக்கவில்லை. செல்லும், பச்சைக் கடிதத்துக்கு ஒட்டிக்கொள்ளலாம். எந்த வேலைக்கென்று காசு கொடுத்தார்களோ அந்த வேலைதான் இல்லை. புதுவையில் பிரெஞ்சு ராணுவத்தின் சொல்தா பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. உயிரோடு இருக்கிறோம் என்ற சான்றிதழைக் கடல்தாண்டி அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் அவர்கள்.

இங்கிலாந்தின் கதை இன்னும் மோசம். 1989 ஆகஸ்டில் அங்கே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று மட்டும் அச்சிட்ட தலைகள் வந்தன. அப்போது முதல் வகுப்புக்கு 19 பென்ஸ். 2025 ஏப்ரலில் ஒரு பவுன் 70 பென்ஸ். நடுவில் பட்டைக்கோடு அச்சிட்ட தலைகளைக் கொண்டுவந்து, கோடு இல்லாத அன்றாடத் தலைகள் 2023 ஜனவரி 31க்குப் பிறகு செல்லாது என்றார்கள். பிறகு ஆறு மாதம் சலுகை கொடுத்தார்கள். மாற்றித் தருகிறோம் என்றும் சொன்னார்கள், படிவம் நிரப்பி உறையில் போட்டு அனுப்பினால். என்றைக்கும் செல்லும் என்று நம்பி மேசை டிராயரில் வைத்திருந்த கிழவிக்கு இது என்ன நியாயம்? அமெரிக்காவில் தலையை ரத்து செய்யவில்லை. 2021 அக்டோபரில் முதல் வகுப்புக் கடிதம் சேரும் கெடுவை மூன்று நாளிலிருந்து ஐந்து நாள்வரை நீட்டினார்கள். 2007இல் தலை வாங்கியவருக்குக் கிடைத்த வாக்குறுதி விலைக்குத்தான். நாளுக்கு எந்த வாக்குறுதியும் கிடையாது.

எண் ஒன்று முகத்தில் இருந்தால் மாற்றம் மறையாது. இதற்குப் புதுவையிலேயே நல்ல சான்று உண்டு. பிரெஞ்சிந்தியாவுக்கு 1892 முதல் தனித் தபால்தலைகள் இருந்தன. முதலில் பிராங்க், சென்ட்டிம் கணக்கு. 1923இல் கணக்கு பணத்துக்கும் காசுக்கும் மாறியது: ஒரு ரூபாய்க்கு எட்டுப் பணம், ஒரு பணத்துக்கு இருபத்துநான்கு காசு. பழைய தலைகளை எரித்துவிடவில்லை. பிரம்மா படம் போட்ட தலையின் மேலேயே புதிய மதிப்பை அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். சேகரிப்பாளர்களின் ஆல்பத்தில் அவற்றைப் பார்க்கலாம். முதலில் அச்சான எண்ணும் தெரியும், பிறகு ஏறிய எண்ணும் தெரியும். குடியேற்ற ஆட்சிதான், ஜனநாயகம் ஒன்றும் பேசவில்லை. ஆனாலும் விலையை மாற்றியபோது அதைத் தலையின் முகத்திலேயே சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தலைகளும் 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியதோடு போயின. தலையின் ஆயுள் அதை வெளியிட்ட நிர்வாகத்தின் ஆயுள்தான். இந்த ஊர்க்காரர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

இந்தியாவில் அந்த எண்ணுக்கு இன்னும் பெரிய அர்த்தம் இருந்தது. 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்நாட்டுக் கடிதக் கட்டணம் எழுதப்பட்டிருந்தது. அதற்கு மேல் வசூலிக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் அட்டவணையைத் திருத்த வேண்டும். அதனால்தான் போஸ்ட் கார்டு விலை பட்ஜெட்டில் வந்தது; நிதியமைச்சர் கார்டுக்கு ஏற்றினார், இன்லேண்டுக்கு ஏற்றினார் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். 2023இல் நிறைவேறி 2024 ஜூன் 18 முதல் அமலுக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்தில் அந்த அட்டவணை இல்லை. கட்டணத்தைத் தலைமை இயக்குநர் ஒழுங்குவிதி மூலம் வகுக்கலாம். சேவையில் குறை நேர்ந்தால், விதிகளில் சொல்லப்பட்ட அளவுக்கு மேல் அஞ்சலகத்துக்குப் பொறுப்பில்லை என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. கட்டணத்தின் மேல் நாடாளுமன்றத்துக்கு இருந்த பிடி போய்விட்டது. மிச்சம் இருப்பது தலையின் மூலையில் அச்சாகும் அந்த எண் ஒன்றுதான். அதையும் நாமாகவே போய் எடுத்துவிடுங்கள் என்று மனுப் போடுவதா?

கட்டண உயர்வு எப்படியும் பத்திரிகையில் வரும், அஞ்சலகப் பலகையில் ஒட்டுவார்கள், எண் இல்லாவிட்டால் என்ன என்பார்கள். ஒட்டுவார்கள்தான். ஆனால் பலகையைப் படிப்பவர் வேறு, தலையை ஒட்டுகிறவர் வேறு. இலங்கையில் 2022 ஆகஸ்டில் உள்நாட்டுக் கடிதக் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ஆனது. யாழ்ப்பாணத்தில் கடிதம் போட்ட ஒவ்வொருவரும் உறையின் மேல் ஐம்பதைப் பார்த்தார்கள். கடிதம் கிடைத்தவரும் பார்த்தார். சிங்கப்பூரில் 2023 அக்டோபரில் 31 காசு 51 ஆனபோது, வீட்டுக்குப் பத்து எண்ணில்லாத் தலைகள் கொண்ட புத்தகம் இலவசமாக வந்து சேர்ந்தது. அதை வாங்கி வைத்த வீட்டில் எத்தனை பேர் கட்டணம் மூன்றில் இரண்டு பங்கு ஏறியதைப் பற்றி அன்று பேசியிருப்பார்கள்? உறைக்காமல் விலை ஏற்றுவதற்கு எண்ணில்லாத் தலையைவிட நல்ல உபாயம் கிடையாது.

இப்போது பதிவுத் தபாலுக்கு வருவோம், யோசனை பிறந்த இடமே அதுதானே. முதலியார்பேட்டையில் கடலூர் சாலையோரம் இருந்த ஏ.எஃப்.டி. மில் 2020இல் மூடப்பட்டது. அதில் வேலை பார்த்த ஒருவர் ஏதோ ஒரு நிலுவைக்காகச் சென்னை அலுவலகத்துக்கு மனு எழுதுகிறார் என்று வையுங்கள். அதைச் சாதாரண உறையில் போட்டுப் பெட்டிக்குள் தள்ள மாட்டார். போய்ச் சேர்ந்ததற்குக் கையில் அத்தாட்சி வேண்டும். பழைய கணக்கில் ஐந்து ரூபாய்த் தபால் செலவு, பதினேழு ரூபாய்ப் பதிவு. வரி நீங்கலாக 22. 2025 அக்டோபரிலிருந்து உள்ளூர் எல்லை தாண்டும் 50 கிராம்வரையிலான விரைவுத் தபாலுக்கு 47 ரூபாய், பதிவுக்கு ஐந்து. வரி நீங்கலாக 52. இரண்டு மடங்குக்கு மேல். இதில் ஐந்து ரூபாய் என்ற சாதாரணக் கடிதக் கட்டணம் துளியும் ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள். நிரந்தரத் தலை ஒரு கட்டு அவர் பெட்டியில் இருந்திருந்தாலும், அது காப்பாற்றுவது அந்த ஐந்து ரூபாயை மட்டும்தான். ஏறியது வேறு இடத்தில். புத்தகம் அனுப்புகிறவர்களுக்கும் இதே அனுபவம்: பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் சத்தமில்லாமல் நிறுத்தப்பட்டது, ஞானப் போஸ்ட் என்று வேறொன்று 2025 மே மாதம் வந்தது, வேறு நிபந்தனைகளோடு. கடிதத்தைக் கொல்வது விலை உயர்வு என்று நினைத்துக்கொண்டு விலைக்குப் பூட்டுப் போடச் சொல்கிறார்கள். சாதாரணக் கடிதம் எத்தனை நாளில் சேரும் என்று உறுதிசொல்ல யாரும் இல்லாததுதான் கடிதத்தைக் கொல்கிறது. அந்த உறுதி இல்லாதவரை, நூறு வருடம் செல்லும் தலையைக் கொடுத்தாலும் மனுக்காரர் கூரியர் கடைக்குத்தான் போவார்.

சேகரிப்பாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒட்டாமலே ஆல்பத்தில் தூங்கும் தலைகள்தான் எந்த அஞ்சல் துறைக்கும் பரிசுத்தமான லாபம். காசு வந்தாயிற்று, வேலை செய்ய வேண்டாம். நம் துறை 'மை ஸ்டாம்ப்' என்று நம் படத்தைப் போட்டு, ஐந்து ரூபாய்த் தலை பன்னிரண்டு கொண்ட தாளை 300 ரூபாய்க்கு விற்றது. அறுபது ரூபாய்த் தபால், மீதி நம் முகத்துக்கு. விலை எழுதாத தலை வந்தால் அதுவும் இந்த அலமாரியில்தான் போய் உட்காரும்.

கவுன்ட்டரில் நின்று பார்த்தால் தேவை என்ன என்று தெரியும். அலுவலர் தாளைத் துளை வரிசையில் மடித்து, நகத்தால் ஒரு நீவு நீவி, ஐந்து ரூபாய்த் தலையைக் கிழித்துத் தருகிறார். பின்பக்கப் பசையை நம்ப முடியாது. கம்பி கட்டி வைத்த கோந்து டப்பாவில் குச்சி காய்ந்து நிற்கிறது, விரலால்தான் தடவ வேண்டும். இரண்டு ரூபாய்த் தலை கேட்டால் இல்லை, ஒரு ரூபாயும் இல்லை, எல்லாவற்றுக்கும் ஐந்துதான் என்று ஒரு கவுன்ட்டரில் எனக்குப் பதில் வந்திருக்கிறது. கட்டணம் ஏறும் நாளில் பழைய தலை வீணாகாமல் இருக்க எண்ணில்லாத் தலை தேவையில்லை. சில்லறை மதிப்புத் தலை போதிய அளவு இருந்தால் போதும்.

ஆகவே அஞ்சல் துறைக்கு மனு எழுதுகிற நண்பர்கள் அதில் மூன்று வரியை மாற்றி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். ஐந்து ரூபாய் கட்டுப்படியாகவில்லை என்றால் ஏழு ஆக்குங்கள், ஏழு என்று தலையில் அச்சிடுங்கள், கூடவே இரண்டு ரூபாய்த் தலையும் கொடுங்கள். சாதாரணக் கடிதம் எத்தனை நாளில் சேரும் என்று அறிவித்து, அதற்குத் துறை பொறுப்பேற்க வேண்டும் என்று விதியில் சேர்த்துவிடுங்கள். விரைவுத் தபாலோடு கட்டாமல், சாதாரணக் கடிதத்துக்கே பதிவை மீண்டும் கொடுங்கள்.