பகுதிகளும் முழுமையும்: ஏகபரிமாண அண்ணளவாக்கம் பற்றிய ஒரு நோக்கு

இரு மாறிச் சார்புகளின் ஏகபரிமாண அண்ணளவாக்கம் நுண்கணிதப் பாடநூல்களிற் பெரும்பாலும் ஒரு சூத்திரமாகவே இடம்பெறுகின்றது. ஒவ்வொரு மாறியின் சிறுமாற்றத்தையும் அதற்குரிய பகுதிப் பெறுதியாற் பெருக்கிக் கூட்டினால் சார்பின் மாற்றம் அண்ணளவாகக் கிடைக்கும் என்பதே அச்சூத்திரம். அது எப்போது செல்லுபடியாகும் என்ற வினா எழுப்பப்படுவது அரிது. அவ்வினாவே இங்கு எமது கவனத்திற்குரியது.

சூத்திரத்தின் பயனை நாம் மறுக்கவில்லை. 40 மீற்றர் நீளமும் 25 மீற்றர் அகலமும் கொண்ட செவ்வக நிலமொன்றின் பரப்பு 1000 சதுர மீற்றர். நீளமும் அகலமும் 0.1 மீற்றராற் கூடுமாயின், பரப்பு ஏறத்தாழ 6.5 சதுர மீற்றராற் கூடும் எனச் சூத்திரம் கூறும். உண்மையான அதிகரிப்பு 6.51. விடுபட்ட 0.01 இரு சிறுமாற்றங்களின் பெருக்கமாகும். மாற்றங்கள் பத்திலொன்றாகக் குறைய, இவ்வழு நூறிலொன்றாகக் குறையும். வழு சிறிதாயிருத்தல் மட்டும் போதாது. மாற்றங்களைவிட விரைவாக அது பூச்சியத்தை அணுகுதல் வேண்டும். அண்ணளவாக்கத்தின் அடிப்படை இதுவே.

இவ்வியல்பு எல்லாச் சார்புகளுக்கும் வாய்ப்பதில்லை. இரு மாறிகளின் பெருக்கத்தை அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறப்படும் சார்பை நோக்குவோம். உற்பத்தியில் அதன் பெறுமானம் பூச்சியம் எனக் கொள்வோம். இரு அச்சுக்களிலும் சார்பு எங்கும் பூச்சியமே. எனவே உற்பத்தியில் இரு பகுதிப் பெறுதிகளும் பூச்சியம். சூத்திரம் தரும் மாற்றமும் பூச்சியம். ஆனால் இரு மாறிகளும் சமமாயுள்ள கோட்டிலே, உற்பத்திக்கு எவ்வளவு அண்மையிற் சென்றாலும், சார்பின் பெறுமானம் அரையாகவே நிற்கின்றது. அங்கு சார்பு தொடர்ச்சியானதுமன்று. தொடுதளம் எங்ஙனம் அமையும்? அச்சுக்களின் வழியே மட்டும் பார்த்தவர் மேற்பரப்பைப் பார்த்தவராகார்.

இத்தெளிவு கணிதவியலாளருக்கும் எளிதில் வந்ததன்று. லைப்னிற்சின் வகை நுண்கணிதக் கட்டுரை வெளிவந்தது 1684 இல். வழு விரைந்து அற்றுப்போதலையே பன்மாறிச் சார்பு வகையிடத்தக்கதாதற்கு நிபந்தனையாக ஸ்டொல்ஸ் 1893 இலும், யங் 1909 இலும், பிரெஷே 1911 இலும் வகுத்தனர். இருநூறாண்டுகளுக்கு மேற்பட்ட சிந்தனையின் பயனைப் பாடநூல் ஒரு வரியிலேனும் குறிப்பிடாது விடுவது பெருங்குறையாகும்.

பகுதிப் பெறுதிகள் புள்ளியின் அயலில் இருந்து, அப்புள்ளியிலே தொடர்ச்சியாயும் அமையின் சூத்திரத்தை நம்பிக் கையாளலாம். இந்நிபந்தனையும் மேற்கூறிய எதிருதாரணமும் பயிற்சிக் கணக்குகளுக்கு முன்னரே மாணவர்முன் வைக்கப்படுதல் வேண்டும். அன்றேல், விடை காணப் பழகிய மாணவர், அவ்விடையை ஏன் நம்பலாம் என்பதை அறியாமலே தேர்வு மண்டபத்தை விட்டு வெளியேறுவர்.