பழைய குரல் இல்லாத ஆல்பத்தை எப்படிக் கேட்பது?

புனே பக்கம் நிக்டி பிராதிகரணில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தகராறு பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் நான். மறுபக்கம் அக்கா மகன். தகராறுக்குக் காரணம் டெல்லியின் ‘இண்டியன் ஓஷன்’ ராக் குழு. அசீம் சக்ரவர்த்தியோடு அந்தக் குழுவின் கதை முடிந்துவிட்டது என்பது என் கட்சி. 2014இல் வந்த ‘தந்தானு’ ஆல்பத்தில்தான் அவன் அந்தக் குழுவையே கண்டுபிடித்தான். “மாமா, நீங்க பாட்டக் கேக்கல, ஆள் இல்லாததைக் கேக்குறீங்க” என்று ஒருநாள் போட்டு உடைத்தான். சுருக்கென்றது. அதற்குப் பிறகுதான் ‘தந்தானு’வை ஒழுங்காக உட்கார்ந்து கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தகராறு இருக்கலாம்.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்வோம். 1990இல் கிதார் கலைஞர் சுஸ்மித் சென்னும், தபலா வாசித்தபடி பாடும் அசீமும் தொடங்கிய குழு இது. அடுத்த வருஷம் பேஸ் கிதாரோடு ராகுல் ராம் சேர்ந்தார். 1994இல் டிரம்ஸுக்கு அமித் கிலாம் வந்தார். இந்த நால்வர் கூட்டணிதான் 2000இல் ‘கந்தீசா’வைக் கொடுத்தது. தலைப்புப் பாட்டு கேரள சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய துதிப்பாடல். வார்த்தை புரியாமலேயே கல்லூரி விடுதிகள் அதைப் பாடித் தீர்த்தன. 2009 டிசம்பர் 25 அன்று அசீம் காலமானார். 2013இல் சுஸ்மித் சென் விலகினார். தொடங்கிய இருவருமே இல்லாமல் வந்த முதல் ஆல்பம் ‘தந்தானு’. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்ததில் ஆச்சரியமில்லை.

‘பழைய மாதிரி இல்லை’ என்ற புகாரைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இளையராஜா விஷயத்தில் முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் அதே நாம்தான், சபாவில் வயதான வித்வான் மேல் ஸ்தாயிக்குப் போக முடியாமல் சங்கதியைப் பாதியில் மடக்கும்போது, அந்த மடக்கலுக்கே தலையாட்டுகிறோம். செம்மங்குடியின் கடைசிக் காலக் கச்சேரிகளுக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காதை ராக் பக்கமும் கொஞ்சம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

செய்யக் கூடாத ஒன்று உண்டு. ‘கந்தீசா’வைக் கேட்ட கையோடு ‘தந்தானு’வைப் போடாதீர்கள். நடுவில் ‘16/330 கஜூர் ரோடு’ வேண்டும். அது கரோல் பாக்கில் அவர்கள் ஒத்திகை பார்த்த பழைய பங்களாவின் விலாசம். 2010இல் தொடங்கி மாதத்துக்கு ஒரு பாட்டாக, ஏழு பாட்டையும் எந்த ரெக்கார்டிங் கம்பெனியையும் நம்பாமல் இணையத்தில் இலவசமாகவே விட்டார்கள். இண்டி என்ற சொல்லுக்கு அந்த வருஷம் எனக்கு அர்த்தம் புரிந்தது. அசீம் மறைவதற்கு முன் பதிவான குரல் அதில் இருக்கிறது. இல்லாத ஒருவர் மாதாமாதம் வந்து பாடிவிட்டுப் போனார். அதைக் கேட்டு முடித்து, ஒரு வாரம் விட்டுவிட்டு ‘தந்தானு’வுக்கு வாருங்கள்.

வந்ததும் குரலைக் கவனிக்க வேண்டாம். இது கஷ்டம்தான், ஆனால் முதல் தடவைக்கு மட்டும். பேஸ் கிதாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. சுமாரான ஹெட்போனாவது வேண்டும். பல ராக் குழுக்களில் பேஸ் என்பது தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் தூண். ராகுல் ராமிடம் அது இன்னொரு பாட்டு மாதிரியே நடக்கும். 1991 முதல் இன்றுவரை மாறாத நடை அது. டிரம்ஸில் அமித்தும் மாறவில்லை. வீட்டின் அஸ்திவாரம் அப்படியேதான் இருக்கிறது என்று காதுக்குத் தெரிந்துவிட்டால் மீதி சுலபம்.

இரண்டாவது தடவை குரலுக்கு வாருங்கள். என்னைப் போன்றவர்கள் தவறவிட்டது இங்கேதான். அசீம் தபலாவைக் கையில் வைத்துக்கொண்டே பாடியவர். மூச்சும் அடியும் ஒரே உடம்பிலிருந்து வரும். அதனால் அவர் பாட்டில் ஒவ்வொரு வரியும் கையின் அடிமேல் ஏறி உட்கார்ந்திருக்கும். குரல் இழுத்தால் கை காத்திருக்கும், கை துள்ளினால் குரலும் துள்ளும். அவருக்குப் பின் அந்த வேலை இரண்டாகப் பிரிந்தது. பாட ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி. இப்போது குரலுக்குக் கையின் கட்டு இல்லை, நீளமாக மிதக்கிறது. தபலாவுக்கும் வாய் முளைத்திருக்கிறது, பாடகர் விட்ட இடத்தில் பதில் பேசுகிறது. அசீமின் அந்த நெருக்கம் இதில் கிடைக்காது, நான் அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் இந்தக் கேள்வி பதில் அசீம் காலத்தில் இருந்திருக்க முடியாது. ஒரே ஆள் தனக்குத்தானே எப்படிப் பதில் சொல்வார்?

கிதாரிலும் இதே கதை. சுஸ்மித் சென்னின் தந்தி சரோது மாதிரி பேசும். கீழே ஒரு சுருதி ரீங்கரித்துக்கொண்டே இருக்க, மேலே ராகச் சாயலில் பிடிகள் வந்து விழும். அவர் இடத்துக்கு வந்த நிகில் ராவ் எலெக்ட்ரிக் கிதார்க்காரர். ஸ்வரத்தை நீட்டுவார், உறும விடுவார். முதலில் எனக்கு அது வேற்று வீட்டுச் சத்தமாகப் பட்டது. இப்போதும் ஓரிரு இடங்களில் அப்படித்தான் படுகிறது.

‘தந்தானு’ மீது நியாயமான புகார் ஒன்று உண்டென்றால் அது விருந்தாளிகள் பற்றியது. ஏழே பாட்டு, அதற்குள் ஷங்கர் மகாதேவன், சுபா முத்கல், விஸ்வ மோகன் பட், கர்ஷ் காலே, விஷால் தத்லானி என்று ஒரு பந்தியே வந்திருக்கிறது. தலைப்புப் பாட்டில் ஷங்கர் மகாதேவன் நுழைந்ததும் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறார்களோ என்று தோன்றும். ஆனால் தமிழ்க் காதுக்கு இந்தப் பந்தியில் ஒரு தனி இலை போட்டிருக்கிறார்கள். விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவும், கணேஷ்-குமரேஷ் இரட்டையரில் குமரேஷின் வயலினும் இந்த ஆல்பத்தில் உண்டு. எங்கே என்று சொல்ல மாட்டேன், நீங்களே தேடிப் பிடியுங்கள். டிரம்ஸும் தபலாவும் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் தோல் கட்டிய அந்தச் சின்ன வட்டம் எப்படி இடம் பிடிக்கிறது என்று பார்ப்பதே ஒரு சுகம்.

வார்த்தை புரியவில்லையே என்று தயங்க வேண்டாம். அர்த்தம் தேடுவதை மூன்றாம் தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். பாட்டுகள் நீளமானவை, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டால் பாதியில் கவனம் போய்விடும். நான் காலையில் துர்கா டேக்டிக் குன்றில் நடக்கும்போது கேட்கிறேன். ஏறும்போது ஒரு பாட்டு, மேலே உட்கார்ந்து ஒன்று. கீழே பழைய மும்பை நெடுஞ்சாலையின் இரைச்சல் அங்கே எட்டாது.

இந்த ஊரில் இருப்பதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. ஆஷாட ஏகாதசிக்கு முன்னால், தேஹூவிலிருந்து பண்டரிபுரம் கிளம்பும் துக்காராம் பால்கி, அதாவது பல்லக்கு ஊர்வலம், நிக்டி பக்தி சக்தி சௌக் வழியாக ஆகுர்டிக்குப் போகும். திண்டி என்னும் குழுக்களாக வார்க்கரி பக்தர்கள் தாளமும் மிருதங்கமும் கொட்டி அபங்கம் பாடிக்கொண்டு நடப்பார்கள். போன வருஷம் முன்னால் பாடிய பெரியவர் இந்த வருஷம் இருக்க மாட்டார். அவர் இடத்தில் ஒரு பையன் நிற்பான், குரல் வேறாக இருக்கும், ஒரு இடத்தில் பிசிறும். பின்னால் வருகிறவர்கள் அடுத்த அடியை எடுத்துக்கொள்வார்கள், தாளம் நிற்காது. எத்தனையோ வருஷம் சௌக்கில் நின்று பார்த்திருக்கிறேன். ‘பழைய மாதிரி இல்லை’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

‘தந்தானு’வுக்குப் பின் ஒன்பது வருஷம் கழித்து, 2023இல் ‘தூ ஹை’ வந்தது. அதற்குள் இந்த ஐவரும் சேர்ந்தே வெகுதூரம் வந்துவிட்டார்கள். ‘தந்தானு’வில் தனித்தனியாகக் கேட்டவர்கள் அதில் ஒருவரோடொருவர் கலந்து கேட்கிறார்கள்.

எனக்கு ‘கஜூர் ரோடு’தான் முதல். அதற்கு அடுத்து ‘தூ ஹை’. ‘தந்தானு’ மூன்றாவது, விருந்தாளிகள் பாதியாக இருந்திருந்தால் மேலே ஏற்றியிருப்பேன். அக்கா மகன் இந்த வரிசையை அப்படியே தலைகீழாகச் சொல்கிறான்.